சூட்டு வலி

ஸ்ரீரஞ்சனிக்கு வலியைச் சொல்லத் தெரியாது. அவள் வீட்டில் இதை யாரும் குறையாக நினைத்ததில்லை, பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். கோபிசெட்டிபாளையத்தில் நான்காம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடச் சறுக்குமரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மத்தியானச் சோற்றை இடது கையால் சாப்பிட்டாள். சாயங்காலம் கை வீங்கியிருப்பதை அம்மாவே பார்த்துக் கேட்கும்வரை வாயைத் திறக்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவளை உட்காரவைத்துக்கொண்டு, "எம் புள்ள ஒரு பொட்டுக் கண்ணீர் விடலீங்க, அத்தனை பொறுமை" என்று அம்மா விசாலம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறென்ன வேண்டும்? அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அந்தப் பழக்கம்.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் அப்பா போய்விட்டார். விசாலம் சத்துணவுக் கூட வேலையை வைத்துக்கொண்டே மகளைப் படிக்கவைத்தாள். அம்மாவுக்கு இருக்கிற பாரம் போதும், நாம் வேறு எதையும் ஏற்றக்கூடாது என்று மகள் முடிவு செய்துகொண்டாள். போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா"தான். விடுதிச் சோறு வயிற்றைக் கெடுத்தபோதும் நல்லா இருந்தாள், டெங்கு வந்து படுத்தபோதும் நல்லா இருந்தாள்.

கல்யாணம் பேச வந்த ஜெயந்த் நல்ல பையன். புனே பக்கத்து ஹிஞ்சேவாடியில் வேலை. "புனே க்ளைமேட் சூப்பரா இருக்கும்" என்றான். க்ளைமேட்டோடு எத்தனை நாளைக்குப் பேசிக்கொண்டிருப்பது என்று அப்போது இவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஹிஞ்சேவாடியைத் தாண்டி, ஏதோ ஒரு இத்தாலிய ஊரின் பெயரை வைத்துக்கொண்டு நிற்கிற கட்டடத்தில், பதினான்காவது மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் கிரேன்களும் மெட்ரோ தூண்களும், அதற்கப்பால் மரமில்லாத மலையும் தெரியும். காலையில் கட்டடம் முழுக்கக் கம்பெனி வண்டிகளில் ஏறிப் போய்விடும். லிஃப்டில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பிறகு போனைப் பார்ப்பார்கள். ஸ்ரீரஞ்சனி தன் பழைய கோயம்புத்தூர்க் கம்பெனிக்கே வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். மீட்டிங்கில் யாரும் கேமராவைப் போடுவதில்லை. மளிகையும் காய்கறியும் ஆப்பில் வந்துவிடும். இரண்டு வருஷத்தில் அவள் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்ட ஒரே ஹிந்தி வாக்கியம், "தர்வாஜே பே ரக் தோ, பையா." வாசலில் வைத்துவிட்டுப் போ, தம்பி. ஒரு ஊரில் குடியிருக்க இந்த ஒரு வாக்கியம் போதும் என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பிள்ளை உண்டான பிறகு போனில் இன்னொரு ஆப் வந்து சேர்ந்தது. வாராவாரம் அது ஒரு காயின் பெயரைச் சொல்லும். இந்த வாரம் உங்கள் குழந்தை எலுமிச்சை அளவு, இந்த வாரம் மாங்காய் அளவு, இந்த வாரம் கத்தரிக்காய். ஜெயந்த் சாயங்காலம் வந்ததும் "இன்னிக்கு என்ன காய்?" என்று கேட்பான், இருவரும் சிரிப்பார்கள். கத்தரிக்காய் வாரத்தில் கம்பெனி அவனை ஜெர்மனிக்கு அனுப்பியது. ஒரு கார் கம்பெனியின் வேலை, மூன்று மாதம். "டெலிவரிக்கு ஒரு மாசம் முன்னாடியே வந்துருவேன் ரஞ்சி. நீ போக வேண்டாம்னு சொல்லு, நான் போகல" என்றான். போக வேண்டாம் என்று சொல்கிற வாயா அது? "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவனும் நம்பிப் போனான்.

ஒரே ஒரு பிடிமானம் இருந்தது. அவர்கள் பக்கத்தில் கட்டுச்சோறு என்று ஒரு விருந்து உண்டு. பெண்ணைப் பெற்றவள் வகைவகையாகச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், எல்லோருக்கும் பரிமாறி, மகளைப் பிரசவத்துக்குத் தன் வீட்டுக்கு அழைத்துவருவாள். திருப்பூரில் மாமியார் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு நாள் குறித்தாயிற்று. அன்று காலைக்கே ஸ்ரீரஞ்சனிக்கு விமான டிக்கெட்டும் போட்டாயிற்று. பெங்களூரில் இறங்கி ஏறினால் மத்தியானத்துக்குள் கோயம்புத்தூர். சமையலறைக் காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமையை வட்டம் போட்டு வைத்தாள். காலையில் எழுந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

அந்த வாரத் தொடக்கத்தில், திங்கட்கிழமை மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது வயிறு இறுகியது. இறுகி, கல்லாகி, மெல்ல விட்டது. மைக்கை மியூட்டில் போட்டு, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, விட்டதும் மைக்கைத் திறந்து, "சாரி, நெட் கொஞ்சம் ஸ்லோ" என்று சொல்லித் தொடர்ந்தாள். மத்தியானத்துக்குள் இன்னும் சில தடவை வந்தது. இடுப்பில் ஒரு மந்தமான வலியும் சேர்ந்துகொண்டது. அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, வயிறு அப்பப்பக் கல்லாட்ட இறுகுது. அப்பறம் விட்டுருது."

"வலி ரொம்பவா கண்ணு?"

"இல்லம்மா, கொஞ்சந்தான்."

"அப்ப அது சூட்டு வலி. அங்க வெயில் கொளுத்துதுன்னு டிவில சொன்னானே. சீரகத்த வறுத்துத் தண்ணில கொதிக்க வெச்சுக் குடி. தொப்புளச் சுத்தி வெளக்கெண்ண தடவு. நீ வயித்துல இருக்கறப்ப எனக்கும் இப்படித்தான் வந்துது, தண்ணி குடிச்சா அடங்கிப்போயிரும்."

நம் பக்கத்தில் கர்ப்பிணியின் வலியை இரண்டாகப் பிரிப்பார்கள், பிரசவ வலி ஒன்று, சூட்டு வலி ஒன்று. எது எது என்று பிரித்துச் சொல்கிற பொறுப்பு எப்போதும் வலி இல்லாதவர்களுடையது. விசாலத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன்? மகள் "கொஞ்சந்தான்" என்று சொன்னால், அந்த மகள் சொல்கிற கொஞ்சம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

சீரகத் தண்ணீர் குடித்ததும் அடங்கத்தான் செய்தது. அதுதான் வினையாயிற்று. செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தது, மறுபடி குடித்தாள். புதன்கிழமை அடிவயிற்றை யாரோ கீழே பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது, வெள்ளைப்படுவது தண்ணீராக, வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. இதை அவள் அம்மாவிடமும் சொல்லவில்லை, ஜெயந்திடமும் சொல்லவில்லை. மறுநாள் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது, டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

டாக்டர் சிட்னிஸ் நிதானமான பெண்மணி. இவளுக்கு ஹிந்தி வராது என்று தெரிந்து ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவார். ஏழு மாதம் தாண்டிவிட்டதால் டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். அதற்கான தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "சின்னச் சந்தேகம் இருந்தாலும் நான் அனுப்பமாட்டேன், இங்கேயேதான் படுத்திருக்கவேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு கேட்க ஆரம்பித்தார். வயிறு இறுகுகிறதா? இடுப்பு வலி? கீழே அழுத்துவது போல இருக்கிறதா? தண்ணீர் போல ஏதாவது?

இங்கேயே என்றால் எங்கே? பதினான்காவது மாடியில், மூடிய கதவுக்குள், வாசலில் வைத்துவிட்டுப் போகிற சோற்றைத் தின்றுகொண்டு, ஒரு வார்த்தை தமிழ் காதில் விழாமல், இன்னும் இரண்டு மாதம். ஒவ்வொரு கேள்விக்கும் "நோ டாக்டர்" என்றாள். அத்தனைக்கும் "நோ". அழகான ஆங்கிலத்தில், புன்னகையோடு. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபோது வயிறு இறுகியது. சூட்டு வலிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மாவின் வார்த்தையை அவள் நம்பினாள் என்று சொல்லமுடியாது. அது கைக்கு வசதியாக இருந்தது, எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாடகைக் காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஹிஞ்சேவாடிச் சாலைக்கு ஞாயிறும் ஒன்றுதான் திங்களும் ஒன்றுதான், வாக்கட் பாலத்தடியில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வயிறு இறுகியது. விட்டது. வண்டி நாலடி நகர்வதற்குள் மறுபடி இறுகியது. இந்தத் தடவை முதுகிலிருந்து சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. ஜெயந்தை அழைத்தாள். அங்கே விடிந்திருக்காது, மணி அடித்து அடித்து நின்றுபோனது. அம்மாவை அழைத்தாள்.

"கிளம்பிட்டியா கண்ணு? நானே கூப்புடலாம்னு இருந்தேன். புளிச்சோறு, எலுமிச்ச, தேங்காச் சோறு, தக்காளி, தயிர்ச்சோறு, இத்தனையும் ஆச்சு. எள்ளுச் சோறு உனக்குப் புடிக்குமேன்னு அதையும் சேத்துட்டேன். உன்ற ரூமுக்குப் புது மெத்த போட்டாச்சு. ஃபேன் கொஞ்சம் சத்தம் போட்டுது, மெக்கானிக்க வரச்சொல்லிச் சரிபண்ணிட்டேன்."

"சரிம்மா."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்குது?"

"ட்ராஃபிக்மா. அப்பறம் கூப்புடறேன்."

போனை வைத்ததும் தொடைக்கிடையில் வெதுவெதுப்பாக ஈரம் கசிந்தது. பயம் அப்போதுதான் வந்தது, முழுசாக வந்தது. சூடு இப்படி வரிசை வைத்துக்கொண்டு வராது என்பது அவளுக்குத் தெரியும், திங்கட்கிழமையிலிருந்தே தெரியும். உள்ளே குழந்தை ஒரு பக்கமாக உந்தியது. தனக்கு ஆபத்து என்றால் அது யாரிடம் போய்ச் சொல்லும்? அதற்காகப் பேசவேண்டிய வாய் தன்னுடையது. அந்த வாய் டாக்டர் முன்னால் என்ன சொன்னது என்பதும் நினைவுக்கு வந்தது.

"பையா, ஏர்போர்ட் நஹி. ஹாஸ்பிடல். ஹாஸ்பிடல் சலோ."

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தான். "ஆப் மே சேஞ்ச் கரோ, மேடம்" என்றான். அவன் மேல் தப்பில்லை, ஆப்பில் மாற்றாமல் வண்டியைத் திருப்பினால் அவனுக்குப் பிரச்சினை. அடுத்த இறுக்கம் வந்து போகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்து, போகுமிடத்தில் இருந்த விமான நிலையத்தைத் தன் கட்டைவிரலாலேயே அழித்தாள். ஆஸ்பத்திரியின் பெயரைத் தட்டினாள். புது மெத்தை, எள்ளுச்சோறு, சரிசெய்த ஃபேன், எல்லாம் அந்த ஒரு தட்டலில் போயிற்று. வண்டி பாலத்தைச் சுற்றித் திரும்பும்போது வாய்விட்டு அழுதாள். ஓட்டுநர் ஏ.சி.யைக் கூட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் பெட்டியை இறக்கிவைத்துச் சக்கர நாற்காலியையும் அவனே கூப்பிட்டுவந்தான். போகும்போது, தயங்கித் தயங்கி, ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிவிட்டுப் போனான்.

"கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார்கள். யாரும் இல்லை. "புருஷன்?" ஜெர்மனி. "அம்மா?" தமிழ்நாடு. கேட்ட நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடவேண்டிய தாள்களை அவளிடமே நீட்டினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளைச் சுற்றி நாலு பேர் நின்று மராத்தியில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரஞ்சனி ஒவ்வொரு தாளிலும் தானே கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் சிட்னிஸ் விடுமுறை நாளிலும் வந்துவிட்டார். பரிசோதித்தார், முகம் மாறியது. கருப்பையின் வாய் திறக்க ஆரம்பித்திருந்தது, பனிக்குடம் கசிந்துகொண்டிருந்தது. "எப்போதிலிருந்து?" என்றார்.

"இன்னைக்குக் காலையில" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். "திங்கட்கிழமையிலிருந்து" என்றாள்.

டாக்டர் கோபித்துக்கொண்டார், கோபத்திலும் மெதுவாகத்தான் பேசினார். உடம்பில் தண்ணீர் வற்றினாலும் கருப்பை இறுகும், அதனால்தான் குடித்ததும் அடங்கியது, ஆனால் அடங்கிவிட்டதாலேயே அது ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது என்றார். நாள் நிறையாமல் வயிறு விட்டுவிட்டு இறுகினாலும், இடுப்பு விடாமல் வலித்தாலும், கீழே அழுத்தினாலும், நீர் கசிந்தாலும் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது, அன்றைக்கே வந்து காட்டவேண்டும். வந்தால் பாதிப் பேருக்கு ஒன்றும் இருக்காது, திருப்பி அனுப்பிவிடுவோம், அதனால் யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை என்றார். "தொந்தரவு கொடுக்கத்தான் நாங்கள் இருக்கிறோம்" என்று அவர் சொன்னபோது ஸ்ரீரஞ்சனி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இனி செய்யக்கூடியதையும் சொன்னார். குழந்தையின் நுரையீரல் இன்னும் முதிரவில்லை. அதை முதிரவைக்க அம்மாவுக்கே ஊசி போடவேண்டும், இன்று ஒன்று, நாளை ஒன்று. அது முழுசாக வேலை செய்ய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாள் பிரசவத்தைத் தள்ளிப்போட மருந்து ஏற்றிப் பார்க்கலாம். தள்ளிப்போகலாம், போகாமலும் இருக்கலாம்.

அம்மாவிடம் சொல்லவேண்டியிருந்தது. "ஏறியாச்சா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டேதான் விசாலம் போனை எடுத்தாள். கேட்டுவிட்டு ஓவென்று கத்தினாள். "ஐயோ, எட்டாம் மாசம் பொறந்துருச்சே! எட்டாம் மாசப் புள்ள தங்காதும்பாங்களே" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, சொன்னதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நாந்தாண்டி சூட்டு வலின்னு சொன்னேன். நானே சொன்னேனே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஸ்ரீரஞ்சனிக்கு ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது, உடம்பெல்லாம் எரிந்தது. தமிழ்நாட்டைத் தாண்டித் தனியாகப் போயிராத விசாலம், கட்டிய சோற்றை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, டிக்கெட் கிடைக்க இரண்டு நாள் ஆகி, ஈரோட்டில் ரயில் ஏறினாள். சேதி கேட்ட ஜெயந்த் ஃபிராங்க்ஃபர்ட்டில் டிக்கெட்டுக்கு அலைந்தான்.

அந்த இரண்டு நாளும் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கட்டிலருகில் ஒரு இயந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தது. எட்டாம் மாசத்தைப் பற்றி அம்மா சொன்னது பொய்யா என்று டாக்டரிடம் கேட்டாள். வெறும் பேச்சு, ஒவ்வொரு நாள் உள்ளே இருந்தாலும் லாபம்தான் என்றார். கேட்க வேறு யாரும் இல்லாததால் அதை அவள் பிடித்துக்கொண்டாள். வலி வந்தபோதெல்லாம் மணியை அழுத்தினாள். நர்ஸ்கள் அலுத்துக்கொண்டார்கள், அலுத்துக்கொண்டே வந்து பார்த்தார்கள். இரண்டாவது ஊசி உடம்பில் ஏறி வேலை முடிகிற நேரத்துக்கு மருந்தையும் மீறி வலி வந்தது. பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டது, அதைக் கேட்ட குழந்தை டாக்டர் "அழுகிறாள், நல்லது" என்றார். முகத்தைக் காட்டினார்களா இல்லையா என்று தெரிவதற்குள் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

விசாலம் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். ஜெயந்துக்கு அன்றிரவு விமானத்தில்தான் இடம் கிடைத்திருந்தது. ரயில் புழுதியும் கசங்கின புடவையுமாக விசாலம் வழியெல்லாம் ஆளாளுக்குக் காகிதத்தில் எழுதிய முகவரியைக் காட்டிக் காட்டி வந்திருந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரிடம் போய்ச்சேர ஸ்ரீரஞ்சனி அத்தனை பொய்யும் சொன்னாளோ அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாயிற்று. மகளுக்கு அந்த மடியில் படுத்துத் தூங்கிவிடவேண்டும் போல இருந்தது. ஆனால் பால் எடுத்துக் கொடுக்கக் குறைமாதக் குழந்தைகள் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள், எழுந்து போனாள். விசாலத்தை உள்ளே விடவில்லை. பெற்றவளுக்கு மட்டும்தான் அனுமதி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே வரிசையாக இன்குபேட்டர் பெட்டிகள். நாலாவது பெட்டியில், மூக்கில் குழாயும் காலில் கட்டுமாக, அவள் மகள். தோல் அத்தனை மெல்லிசு, நரம்பெல்லாம் தெரிந்தது. அபாயம் முழுசாக நீங்கவில்லை, ஆனால் ஊசி வேலை செய்திருக்கிறது, மூச்சைத் தானாகவே இழுக்கிறாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெட்டியின் வட்டக் கதவைத் திறந்துவிட்ட மலையாளி நர்ஸ், "பேசுங்க சேச்சி. உங்க சத்தம் அதுக்குத் தெரியும்" என்றாள்.

என்ன பேசுவது? ஸ்ரீரஞ்சனிக்கு வெட்கமாக இருந்தது. சுற்றிலும் இயந்திரங்கள் கூவிக்கொண்டிருந்தன. சுண்டுவிரலைக் கொண்டுபோய்க் குழந்தையின் தோளருகில் வைத்தாள்.

"அம்மா வந்துருக்கேன்" என்றாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள். "எனக்கு வலிச்சுதுடி. திங்கக்கெழமையே வலிச்சுது. நல்லாத் தெரிஞ்சுதான் சொல்லல. சொன்னா ஊருக்கு உடமாட்டாங்கன்னு பொய் சொன்னேன். அந்த ஊட்டுல என்னால இருக்கமுடியல. ரெண்டு வருசமா முடியல. யாருகிட்டயும் சொன்னதில்ல. உன்னையும் சேத்துப் பணயம் வெச்சுட்டேன் சாமி." சொல்லிக்கொண்டே போனாள். விடுதி, டெங்கு, அப்பா போன அன்றைக்கு அழாமல் இருந்தது, ஜெயந்தைப் போகச் சொன்னது எல்லாம் வந்தன. அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நர்ஸ் வந்து நேரமாயிற்று என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை.

வெளியே வந்தபோது விசாலம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மூச்சு உடறா தான? இங்கிருந்து ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"உடறாம்மா."

"எல்லாம் என்னாலதான் கண்ணு. சூட்டு வலின்னு நாஞ் சொல்லாம இருந்திருந்தா நீ போயிருப்பே."

"இல்லம்மா. நீ சொன்னதால நான் போகாம இல்ல."

"பொறவு?"

ஸ்ரீரஞ்சனி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். இத்தனை வருஷமும் அப்படித்தான் முடிந்தது.

"நான் நல்லா இல்லம்மா" என்றாள். "இங்க வந்த நாள்ல இருந்தே நல்லா இல்ல. உக்காரு, சொல்றேன்."

விசாலம் நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.